ஒன்பது நாள் பால்

கடத்தூரில் தோல் மண்டித் தெருவுக்கு யாரும் வழி கேட்பதில்லை. மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். உப்புத் தடவி விரித்த ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் ஆடிக் காற்றில் நாறுகிற நாற்றம் சந்தை மேடு வரைக்கும் வரும். அந்தத் தெருவிலேயே பிறந்தவர்களுக்கு மட்டும் அது தெரியாது. வெளியூர் போனால்தான் என்னவோ குறைகிறதே என்று மூக்கைத் தேய்த்துக்கொள்வார்கள்.

மதார் சாயபுவின் ஒரே மகள் சபூரா அப்படிப் பிறந்தவள். பதினெட்டு வயது. பெண் குழந்தை பெற்று நாற்பது நாள் முடிந்து முந்தாநாள்தான் தலைக்கு ஊற்றியிருந்தார்கள். யுத்த காலம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்க வேண்டும் என்று வாணியம்பாடிக்காரர்கள் கிடைத்த தோலையெல்லாம் அனுப்பு அனுப்பு என்றார்கள். தோலுக்குக் கிராக்கி வந்ததே தவிர அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நாற்பது விருந்துக்கே சாமைச் சோறும் ஆட்டுக்கறியும்தான். வந்தவர்கள் வாயைத் திறக்காமல் தின்றுவிட்டுப் போனார்கள். அவரவர் வீட்டில் அதுவும் இல்லை.

புருஷன் சுக்கூர் அசலான் இல்லை. மதார் சாயபுவின் தங்கை மகன், சபூராவுக்கு முறை மச்சான். பென்னாகரத்தில் வாந்திபேதி வந்தபோது அவன் தாய் ஒரே நாளில் போய்விட்டாள். அவனுக்கு அப்போது நாலு மாதம். ஆவாரம்பட்டை ஏற்றுகிற வண்டியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார் மதார் சாயபு. குழந்தைக்கு யார் பால் கொடுப்பது? ஏரிக்கரையில் குடியிருந்த சென்னம்மாள் அந்த வாரம்தான் தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு மார் கட்டி வலியில் கிடந்தாள். அவளிடம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவள் குடியான வீட்டுப் பொம்பளை, ஆடு மாடு, கொஞ்சம் மானாவாரி நிலம். இரண்டு வருஷம் அவள் இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்தான் சுக்கூர். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. இன்றைக்கும் அவனுக்கு அவள்தான் ஆத்தா. ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அது இருப்பது சபூராவுக்கும் அன்று காலை வரைக்கும் தெரியாது.

அன்று காலையில் சென்னம்மாள் ஒரு முறம் முருங்கைக் கீரையும் மடியில் பூண்டுமாக வந்தாள். சபூரா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மரியம்பீ சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மரியம்பீ தெருவில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். சபூராவும் அவளிடம்தான் ஓதினாள்.

"இன்னா பாப்பா, பாலு ஊறலியா?" என்றாள் சென்னம்மாள்.

"பத்தல ஆத்தா. குடிச்சிட்டு மறுபடியும் அழுவறா."

"உங்கொம்மாளுக்கும் இதே கததான். கீரையத் தின்னா, பூண்டத் தின்னா, ஒண்ணும் ஆவல. காச்சல் வேற. ஆட்டுப்பாலக் குடுத்துக் குடுத்து உனக்கு வவுறு போயி, கோழிக்குஞ்சாட்டம் தலய தொங்கப் போட்டுட்ட. நான் இல்லாங்காட்டி நீ ஏது?"

"நீ என்னா பண்ண ஆத்தா?"

சென்னம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பழைய பழக்கம். பிறகு சிரித்தாள்.

"பாலு குடுத்தேன். வேற என்னா பண்ணுவாங்க? உங்க பெரிய குப்பி இருந்தாங்களே, அத்தாவோட அக்கா, அவங்க ஒத்துக்கல. பெத்தவ உசுரோட இருக்கையில அடுத்தவ மார்ல போடறதா, ஊரு சிரிக்காதான்னு ஒரே கத்தல். உங்கத்தா வாணியம்பாடி போயிருந்தாரு. உங்கொம்மா என் கையப் புடிச்சிகிட்டு அழுதா. காத்தாலயும் சாயங்காலமும் மோரு கொண்டாருவேன் இல்ல, அப்படியே பின்னால உப்பு ரூமுக்குள்ளாற பூந்துக்குவேன். அவ உன்னத் தூக்கியாந்து குடுப்பா. ஒம்போது நாளு. சுக்கூரு அப்ப ஒண்ணற வருசத்துப் பையன், பாலு மறக்கல. அவன எறக்கி வுட்டுட்டு உன்னத் தூக்கிக்குவேன். சீலையப் புடிச்சி இழுத்துகினு ஒரே அழுவ. ஏன்டா அழுவற, உம் பொண்டாட்டிக்குத்தான்டா குடுக்கறேன்னு அன்னிக்கே சொன்னேன். பாத்தியா, பலிச்சிட்டுது."

"இத்தன நாளு சொல்லவே இல்லியே."

"உங்கொம்மா சத்தியம் வாங்கிகிட்டா. இப்ப அவளும் இல்ல, குப்பியும் இல்ல. இனிமே என்னா?"

மரியம்பீயின் விரல்கள் சாமையில் நின்றுவிட்டன. "எத்தினி நாளுன்னு சொன்ன, சென்னம்மா?"

"ஒம்போது நாளுங்க."

"நெசமா?"

"பாலு குடுத்ததுல போயி யாருங்க பொய் சொல்லுவாங்க?" என்றாள் சென்னம்மாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு நாள் உள்ளேயே வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட நிம்மதி வேறு. பூண்டை உரிக்க உட்கார்ந்தாள்.

மரியம்பீ முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். செருப்பைக் கூடப் போட்டுக்கொள்ளவில்லை. சபூரா மிச்சச் சாமையைத் தன் பக்கம் இழுத்து, குழந்தையை ஒரு கையால் தட்டிக்கொண்டே கல் பொறுக்கினாள். மரியம்பீக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும், மரியம்பீ சொல்லக் கேட்டு, பள்ளிவாசல் அசரத்து மண்டிக்கு வந்தார். ஆம்பூர்ப் பக்கத்து ஆள், முப்பது வயதுகூட இருக்காது. கடத்தூருக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவரிடம் வந்த பெரிய மார்க்கக் கேள்வி, கிணற்றில் எலி விழுந்து செத்தால் எத்தனை வாளி இறைத்துக் கொட்ட வேண்டும் என்பதுதான். அதற்கே இரண்டு கிதாபைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அப்படிப்பட்டவர் மண்டி வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவும் தயங்கினார், திரும்பிப் போகவும் தயங்கினார்.

மதார் சாயபு முழங்கை வரைக்கும் உப்போடு எழுந்து வந்தார். வீடும் மண்டியும் ஒரே சுவர். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று சபூரா எல்லாவற்றையும் கேட்டாள்.

அசரத்து சொல்லி முடிக்க நேரமானது. மதார் சாயபுவுக்கு விளங்க அதைவிட நேரமானது. விளங்கியதும் கத்தினார். "கல்யாணம் ஆயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு அசரத்து. புள்ள பொறந்திருச்சு. இப்ப வந்து அண்ணன் தங்கச்சிங்கறீங்களே, இது நாயமா?"

"நான் சொல்லல மாமு."

"எங்கியாவது ஒரு வழி இருக்குமில்ல. நீங்க எத்தன கிதாபு படிச்சவரு."

அசரத்து தாடியைத் தடவிக்கொண்டார். "மார்க்கச் சட்டத்துக்கு நாலு ஆதாரம் மாமு. மொதல்ல குர்ஆன். அதுல வெளங்கலன்னா நபிகள் நாயகம் சொன்னது, செஞ்சது. அதுலயும் இல்லைன்னா ஓதிப் படிச்ச ஆலிம்களெல்லாம் ஒருமனசா ஒத்துகிட்டது. அதுவும் இல்லைன்னாத்தான், இது அதப் போலன்னு பொருத்திப் பாத்து முடிவு பண்றது. மேல பதில் கெடச்சா கீழ எறங்கிப் போவக்கூடாது. இது மொதல்லியே இருக்குது. பாலு குடுத்தவ தாயி, அதே பாலைக் குடிச்சவ கூடப் பொறந்தவ. நிக்கா கூடாது."

மதார் சாயபு நாற்பது வருஷமாகத் தோல் விற்கிறவர். ஒரு தரகன் இல்லையென்றால் அடுத்த தரகனிடம் போய்ப் பழகியவர். "நாலுன்னு சொன்னீங்களே. கடைசியில இருக்குதே, பொருத்திப் பாக்கறது, அதுல பாருங்க. அது ஏதோ உப்பு ரூமுல, அவசரத்துக்குக் குடுத்தது. மருந்து மாதிரி."

"குர்ஆன்ல இருக்கறப்ப அதுக்கு வேலையே இல்ல மாமு."

"அஞ்சு தரம் குடிச்சாத்தான் கணக்குன்னு கீழக்கரைப் பக்கத்து ஆளு ஒருத்தரு ரயில்ல சொன்னாரே."

"அது ஷாபி மதுஹபு, அவங்க சட்ட வழி வேற. நம்ம ஹனபியில ஒரு மொடக்குப் போதும். அப்படியே அவங்க சொல்றபடி வெச்சிகிட்டாலும் இது ஒம்போது நாளு, ரெண்டு வேள. எந்த வாசல்ல போனாலும் இடிக்குது மாமு." அசரத்து அங்கிருந்த உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஒரு எடம் இருக்குது. சாட்சி. ரெண்டு ஆம்பளைங்க, இல்லாங்காட்டி ஒரு ஆம்பளையும் ரெண்டு பொம்பளைங்களும் சாட்சி சொல்லணும். இங்க ஒத்தப் பொம்பளை. நம்ம தீனும் இல்ல, வேற மார்க்கம். வேலூர்ல பெரிய ஆலிம் இருக்காரு, எழுதிக் கேக்கறேன். பதிலு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கட்டும்."

கதவுக்குப் பின்னால் நின்ற சபூராவுக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது. அடுப்பில் உலை கொதித்தது. போய்க் கேழ்வரகு மாவைக் கொட்டிக் களி கிண்டினாள். பானையை இறக்கி இரண்டு காலுக்கு நடுவில் வைத்துத் துடுப்பால் சுற்றும்போது அதன் விளிம்பு கையில் பட்டுத் தோல் பொசுங்கியது. அவள் அதை அப்புறம் கை கழுவும்போதுதான் பார்த்தாள்.

பொழுது சாய்ந்து சுக்கூர் மொரப்பூர் ஸ்டேஷனில் தோல் மூட்டைகளை ஏற்றிவிட்டு வெறும் வண்டியோடு வந்தான். மாமனார் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார். அவன் மாடுகளை அவிழ்த்துக் கட்டினான். தண்ணீர் காட்டினான். வண்டியின் நுகத்தடியைக் கீழே இறக்கி வைத்தான். எல்லாம் முடிந்த பிறகு கேட்டான்.

"ஆத்தாவே சொல்லுச்சா மாமு?"

"ஆமாண்டா."

"ஓ" என்றான். மண்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

வேலூருக்குக் கடிதம் போய் மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரமும் வீட்டில் எல்லா வேலையும் நடந்தது. அதைத்தான் சபூராவால் நம்ப முடியவில்லை. தோல் வந்தது, சவ்வு வழித்து உப்புத் தடவினார்கள், கட்டினார்கள், வண்டி போனது. காற்று புழுதியை வாரிக் களிச் சட்டியில் போட்டது. சுக்கூருக்குச் சாப்பாட்டை நடுக்கதவுப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அவன் எடுத்துக்கொண்டு போவான். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றால் கதவருகே வந்து நிற்பான். அவள் குழந்தையைத் துணியோடு தரையில் கிடத்திவிட்டு நகர்ந்ததும் வந்து தூக்கிக்கொள்வான். திரும்பக் கொடுக்கும்போதும் அப்படியேதான். கை கையில் பட்டுவிடக் கூடாது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்களாகவே செய்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர்த் துறையில் இதே பேச்சு. தயிர்க்காரி பெரியம்மாள் வீட்டு வாசற்படியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஏஞ்சாமி, எங்கூட்டு எரும பாலத்தான் இந்தத் தெருவே குடிக்குது. அப்ப தெருவே அண்ணந்தம்பியா?"

"எருமைக்கு இல்லியாம் பெரியம்மா. மனுசிக்குத்தானாம்" என்றாள் சபூரா. அதைச் சொல்லும்போது சிரிப்புக்கூட வந்தது. பெரியம்மாள்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சென்னம்மாள் மட்டும் வரவில்லை. சந்தை நாளில் கூட அந்தத் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு போனாள் என்று சொன்னார்கள்.

ஒருநாள் மத்தியானம் அத்தா மதார் சாயபு வெளியே போயிருந்த நேரம். சுக்கூர் படியில் உட்கார்ந்து குழந்தையை வைத்திருந்தான். சபூரா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சபூரா" என்றான்.

"என்னா மச்சான்?"

"ஆத்தாவுக்கு ஞாபகம் தப்பியிருக்குமா?"

சபூரா புளியைப் பிழிந்து சக்கையைத் தள்ளி வைத்தாள். "போன வருசம் எந்த ஆடு எந்தக் குட்டி போட்டுதுன்னு ஆத்தாவக் கேட்டுப் பாரு மச்சான்."

"அதான்" என்றான். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "எனக்குச் சின்ன வயசுல உப்பு ரூமுன்னாலே புடிக்காது. உள்ளாற போனா அழுவேனாம். மாமு சொல்லிகினே இருப்பாரு" என்றான். பேசியவரைக்கும் போதும், வேண்டாத இடத்துக்குத்தான் அது போகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

பதில் வந்தது. அசரத்து அதை மண்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஒருத்தி சொல்லைக் கொண்டு பால் உறவு சட்டப்படி நிரூபணம் ஆகாது, ஜமாத்து பிரித்து வைக்க முடியாது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் அவள் சொன்னது உண்மை என்று மனதார நம்பினால் நிக்கா நிற்காது. இருவரும் நம்பவில்லை என்றால் நிக்கா நிற்கும். குழந்தையின் பேருக்கு எந்தப் பங்கமும் இல்லை, தெரியாமல் நடந்தது, தகப்பன் தகப்பன்தான்.

"அப்ப நம்பலைன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றார் மதார் சாயபு. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது.

"கேக்கறது நான். பதிலு சொல்றது அல்லாவுக்கு மாமு" என்றார் அசரத்து. "நாயகம் இருக்கறப்பவே இப்படி ஒருத்தரு வந்து கேட்டாரு. ஒரு பொம்பளை வந்து உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் பாலு குடுத்தேன்னு சொல்றான்னு. சொல்லியாச்சே, இனி எப்படின்னு நாயகம் கேட்டாங்களாம். அவரு பொண்டாட்டிய வுட்டுட்டாரு. அதையும் நான் சொல்லணுமில்ல."

அசரத்து போனதும் மதார் சாயபு மகளைப் பார்த்தார். "குழந்தையத் தூக்கிக்க. ஏரிக்கரைக்குப் போயிட்டு வரலாம்."

சென்னம்மாள் கேழ்வரகுக் காட்டில் குந்தியபடி களை பறித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். இந்த மூன்று வாரத்தில் அவள் பாதியாகிவிட்டிருந்தாள். குழந்தையை வாங்கக் கையை நீட்டி, வாங்காமலே மடக்கிக்கொண்டாள்.

"சென்னம்மா, உன்னால ஒரு காரியம் ஆவணும்" என்றார் மதார் சாயபு. காட்டு வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமே வெளங்கலீங்க சாயபு. சாவக் கெடந்த குழந்தைக்குப் பாலு குடுத்தேன். அது குத்தமா?"

"குத்தமில்ல. நல்லதுதான் பண்ண. ஆனா இப்ப அது நடக்கலைன்னு நீ சொல்லணும். ஞாபகப் பெசகுன்னு சொல்லு. வேற யாரு வூட்டுக் குழந்தையோன்னு சொல்லு."

"சொன்னா அதுங்க ரெண்டும் ஒண்ணா இருக்குமா?"

"இருக்கும்."

சென்னம்மாள் கையில் இருந்த களையை வரப்பில் போட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள். அவள் மதார் சாயபுவைப் பார்க்கவில்லை, சபூராவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு பாப்பா. நான் இல்லைன்னு சொல்லட்டுமா?"

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் சபூரா முந்தானையை இழுத்து விட்டாள். சொல்லாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல் என்று சொல்லவும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப சரி" என்றாள் சென்னம்மாள். "நான் குடுக்கல."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜமாத்துக்காரர்கள் கலையாமல் நின்றார்கள். சென்னம்மாள் பள்ளிவாசல் படிக்குக் கீழே நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். பக்கத்துச் சந்தில் சுவருக்கு இந்தப் புறம் சபூராவும் மரியம்பீயும். சுவர் ஆள் உயரம், குரல் மட்டும் கேட்கும்.

"சொல்லும்மா" என்றார் அசரத்து.

"நான் குடுக்கலீங்க" என்றாள் சென்னம்மாள். "வயசாச்சு. அது வேற யாரு வூட்டுக் குழந்தையோ. சுக்கூருக்கு மட்டுந்தான் குடுத்தேன். சபூராவுக்குக் குடுக்கல."

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ அல்ஹம்துலில்லா என்றார்கள். அசரத்து கையை உயர்த்தினார்.

"இந்தம்மா மொதல்ல ஒண்ணு சொன்னாங்க, இப்ப ஒண்ணு சொல்றாங்க. ரெண்டுல எது உண்மைன்னு உங்க மனசு நம்புது? சுக்கூரு?"

சுவருக்கு இந்தப் புறம் மரியம்பீ சபூராவின் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது. சபூராவின் கை சாதாரணமாக இருந்தது.

"இப்ப சொன்னத நம்பறேன்" என்றான் சுக்கூர்.

"சபூரா?"

"நானும்" என்றாள் சபூரா. சத்தமாகத்தான் சொன்னாள். மறுமுறை கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

நாட்டுச் சர்க்கரை பங்கிட்டார்கள். மதார் சாயபு ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். மரியம்பீகூட அழுதுகொண்டே சிரித்தாள். கூட்டம் போன பிறகு சந்திலிருந்து வெளியே வந்த சபூரா பார்த்தாள். சென்னம்மாள் இன்னும் படிக்குக் கீழேயே நின்றிருந்தாள். சுக்கூர் படியிறங்கி அவளைத் தாண்டி நடந்தான்.

"சுக்கூரு" என்று கூப்பிட்டாள் சென்னம்மாள்.

அவன் திரும்பவில்லை. காது கேட்காதவன் மாதிரி மண்டித் தெருவுக்குத் திரும்பிவிட்டான். சென்னம்மாள் சற்று நேரம் அந்தத் திருப்பத்தையே பார்த்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். ஊர் முன்னால் பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறவள் நடை மாதிரி இல்லை. வேலை முடிந்து போகிறவள் மாதிரி நடந்தாள். சபூராவுக்கு அவள் பின்னால் ஓட வேண்டும் என்று இருந்தது. குழந்தை அழுதது. வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மதார் சாயபு அன்று கறி எடுத்து வந்து கொடுத்தார். மகள் வீடு மறுபடி வீடானதென்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மக்ரிபுக்குப் பாங்கு சொன்னதும் தொழப் போனவர், ராத்திரி இஷா தொழுகையும் முடித்துவிட்டு நிதானமாகத்தான் வருவேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். புதிதாகக் கல்யாணமான புருஷன் பெண்டாட்டிக்கு வழி விடுவதுபோல விட்டுவிட்டுப் போனார் மனுஷன்.

சபூரா களி கிண்டி இறக்கினாள். கறிக்குழம்பைத் தாளித்தாள். சிம்னி விளக்கை ஏற்றி வைத்தாள். மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. நடுக்கதவு திறந்தது. சுக்கூர் படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றான். மூன்று வாரம் கழித்து இன்றுதான் அந்தப் படியைத் தாண்டுகிறான். குளித்து வேறு சட்டை போட்டிருந்தான்.

சபூரா தட்டை எடுத்து வைத்தாள். அவன் உட்காரவில்லை.

"ஏரிக்கரைக்கு நீயும் போனியா?" என்றான்.

"போனேன்."

"ஆத்தா என்னா சொல்லுச்சி?"

"இல்லைன்னு சொல்லட்டுமான்னு என்னத்தான் கேட்டுது. நான் தலய ஆட்டுனேன்."

சுக்கூர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். விளக்கு ஒருமுறை படபடத்து நின்றது. தூளியில் குழந்தை தூக்கத்தில் சப்புக் கொட்டியது.

"அங்க என்னைக் கேட்டப்போ, நம்பறேன்னு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"நீ?"

"நானும் அப்படித்தான்."

அவ்வளவுதான். சட்டம் அவர்களை விட்டுவிட்டது, ஜமாத்து விட்டுவிட்டது, சர்க்கரை தின்ற ஊரும் விட்டுவிட்டது. கூரைக்குக் கீழே இந்த இரண்டு பேர் மட்டும்தான் மிச்சம். அவன் அழுவான் என்று அவள் நினைத்தாள். அவள் அழுவாள் என்று அவன் நினைத்திருப்பான். இருவர் கண்ணும் காய்ந்துபோய்க் கிடந்தது.

"நான் எங்க படுக்கட்டும்?" என்று கேட்டான் சுக்கூர். சின்னப் பையன் கேட்பதுபோலக் கேட்டான்.

சபூரா களி உருண்டையைத் தட்டில் வைத்து நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினாள். கறித் துண்டுகளைத் தேடி எடுத்துப் போட்டாள். தட்டைத் தரையில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மண்டியிலயே படுத்துக்கோ. மொதல்ல சாப்புடு அண்ணே" என்றாள். "களி ஆறிப்போவுது."

சுக்கூர் சொம்பை எடுத்துக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.